சிறுவர் அற்புதக் கதைகளின் நிலைபேறு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்வி, சமயம், மொழி என்னும் பெரும் பொருள்களைப் பற்றி எழுதுதற்கு எம்மினும் தக்கார் பலர் உளர் என்பதை எண்ணி, யாம் சிறுவர்க்குரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அன்றியும், இப்பொருள் பற்றி எழுதுதற்கு எமக்கு ஒரு கடனும் உண்டு. அக்கடனை முதலிற் கூறிவிடுதல் நன்று.

யாம் கீழ்வகுப்பிற் பயின்ற காலத்திலே, பரிசளிப்பு விழாவொன்றில், ஆங்கிலப் பாடத்திற்குரிய பரிசாக ஒரு நூலைப் பெற்றோம். அது சி. எஸ். லூயிஸ் என்பார் எழுதி 1950 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும்’ என்னும் கதைநூல். பழைய வீடொன்றைச் சுற்றிப் பார்க்கும் லூசி என்னும் சிறுமி, உடுப்புகள் தொங்கும் அலுமாரியுள் நுழைகின்றாள். உடுப்புகளை விலக்கி உள்ளே செல்லச் செல்ல, காலின்கீழ் உறைபனியும், எதிரே ஊசியிலைக் காடும், காட்டின் நடுவே எரியும் விளக்குக் கம்பமும் தோன்றுகின்றன. உறைபனியைக் கண்ணாற் கண்டறியாத எமக்கு அக்குளிர் விளங்கிற்று. அந்நூலைப் பலமுறை வாசித்தோம்.

ஆண்டுகள் பல சென்றபின், பத்து வயதினனாகிய எம் மகன், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கிய நாட்களில், பாடப் புத்தகத்தின் கீழே இந்நூலை மறைத்து வைத்து வாசிக்கக் கண்டோம். கண்டதும் பறித்தோம், எமது அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பரீட்சை முடிந்ததும் தருவதாகக் கூறினோம். ஒரு பரீட்சையின் பின் மற்றொரு பரீட்சை வந்தமையின் தந்திலோம். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபொழுது யாமும் வெளியேறினோம். திரும்பி வந்தபொழுது வீட்டிற் சுவர்கள் நின்றன. அலுமாரியும் இல்லை, அதனுள் இருந்த நூலும் இல்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில், பிறநாட்டில் வாழும் அம்மகன் தன் பிள்ளையுடன் எம்மைக் காண வந்தான். பேரனுடைய பையில் அதே கதைநூல் இருந்தது. அட்டை புதியது, பதிப்புப் புதியது, அலுமாரியும் விளக்குக் கம்பமும் பழையனவே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கதை கடைகளில் விற்கப்பட்டு வருவது எதனால்? அரசுகள் மாறவும், நகரங்கள் எரியவும், வீடுகள் அழியவும், ஒரு சிறுமி அலுமாரியுள் நுழைந்த கதை மட்டும் அழியாது நிற்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடையே இக்கட்டுரையாம்.

விலங்குகள் பேசுவதும், காலம் நின்றுவிடுவதும், கதவொன்றின் அப்பால் வேறோர் உலகம் இருப்பதும் ஆகிய, இயற்கையைக் கடந்த செய்திகளைக் கருவாகக் கொண்டு சிறுவர்க்கென எழுதப்பட்டவற்றையே ஈண்டு அற்புதக் கதை என்கின்றோம். இத்தகைய கதை நம்மவர்க்குப் புதியதன்று. மெய்யாக நிகழாததனைக் கட்டிச் சொல்லும் மொழியையும் உரையின் ஒரு வகையாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடஞ் சென்ற கதையை அதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் காட்டினர். ஆயினும், அச்சிட்ட நூலாகச் சிறுவர் கையிற் கொடுக்கப்படும் அற்புதக் கதை சிறப்பாக வளர்ந்தது இங்கிலாந்திலே, 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கியாகும். ஆதலின் அந்நாட்டுக் கதைகள் சிலவற்றையே இங்கு ஆராய்வாம்.

அதற்கு முன்னர் அந்நாட்டுச் சிறுவர்க்குக் கிடைத்த நூல்கள் எத்தன்மையன என்பதற்கு ஒன்றைக் காட்டுதல் போதும். ஷேர்வுட் அம்மையார் எழுதி 1818 ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்த ‘பெயர்சைல்ட் குடும்பத்தின் வரலாறு’ என்னும் நூலிலே, தம்முட் சண்டையிட்ட பிள்ளைகளைத் தந்தையார் ஒரு காட்டிற்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே, தன் சகோதரனைக் கொன்றமைக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடல் தூக்குமரத்திலே தொங்குகின்றது. பகைமையின் முடிவு இதுவென்று அவர் உபதேசிக்கின்றார். அந்நூல் அந்நூற்றாண்டு முழுவதும் நல்ல குடும்பங்களிற் பரவியிருந்தது. இன்று வரலாற்று ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் அதனைத் தேடுவாரில்லை. பிள்ளைகளுக்கு நன்மை செய்தல் வேண்டும் என்னும் கருத்து அதற்கு நிறைய இருந்தது. பிள்ளையோடு உடனிருந்து பேசும் குரலே அதற்கு இல்லாதிருந்தது.

அக்குரல் எங்கிருந்து வந்தது என்பதை அறிதற்கு ஒரு நாளை நினைவுகூர்தல் வேண்டும். 1862 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி, ஒக்ஸ்போட் நகரத்துக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிற் கணிதம் கற்பித்த சாள்ஸ் டொட்சன் என்பார், நண்பர் ஒருவருடன் கூடி, அக்கல்லூரித் தலைவரின் புதல்வியர் மூவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் நதிவழியே கொட்ஸ்ரோ என்னும் ஊர்வரை சென்றார். வழியிற் கதை கேட்ட பிள்ளைகளுக்கு, முயற்குழியுள் விழுந்த ஒரு சிறுமியின் கதையைச் சொல்லிக்கொண்டே போயினார். மூவருள் நடுப்பிள்ளை பத்து வயதினளாகிய அலிஸ். கதையிலும் அவள் பெயரே வைக்கப்பட்டது. அதனை எழுதித் தருமாறு அவள் கேட்டமையின், தம் கையாலேயே எழுதி, படமும் தாமே வரைந்து, 1864 ஆம் ஆண்டில் அவளுக்குப் பரிசாக அளித்தார். பின்னர் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில், ஜோன் ரெனியல் வரைந்த படங்களோடு, 1865 ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறிற்று. படங்கள் நன்றாகப் பதியவில்லை என ஓவியர் கூறியதனால் முதலில் அச்சிட்ட 2000 பிரதிகளையும் விற்பனையினின்று மீட்டு, மீண்டும் அச்சிடுவித்தனர். பிள்ளைகளுக்கான நூல்தானே என்று அவர்கள் எளிதாக விட்டுவிடவில்லை.

இங்கே கவனித்தற்குரியது யாதெனின், அக்கதை ‘சிறுவர் உலகம்’ என்னும் பொதுக் கூட்டத்தை நோக்கி எழுதப்பட்டதன்று. எதிரே அமர்ந்து, அடுத்து என்ன நடந்தது என்று கேட்ட ஒரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. நிலைபெற்ற அற்புதக் கதைகளுட் பலவற்றின் பிறப்பு இவ்வாறே அமைந்திருக்கின்றது. இங்கிலாந்துப் பாங்கின் செயலாளராகப் பணியாற்றிய கெனத் கிரகாம், கண்பார்வை குறைந்த தம் ஒரே மகனுக்கு இரவிற் சொல்லியும், பிரிந்திருந்தபொழுது 1907 ஆம் ஆண்டில் கடிதங்களாக எழுதியும் வந்த தேரையின் கதையே, 1908 ஆம் ஆண்டில் ‘வில்லோ மரங்களிடைக் காற்று’ என்னும் நூலாயிற்று. ஒக்ஸ்போட் பேராசிரியர் ரொல்கீன், மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபொழுது வெறுமையாக விடப்பட்ட ஒரு தாளிலே, நிலத்துள் ஒரு வளையில் வாழ்ந்த ‘ஹொபிற்’ என்னும் சிற்றுருவினனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினார். அதனின்று வளர்ந்த கதையைத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். 1937 ஆம் ஆண்டில் அது வெளியாகுமுன், பதிப்பாளர் அக்கையெழுத்துப் பிரதியைப் பத்து வயதினனாகிய தம் மகனிடம் கொடுத்து, ஒரு சிலிங் கூலிக்கு அபிப்பிராயம் எழுதி வாங்கினார். அப்பிள்ளை நன்றென்றான், நூல் அச்சேறிற்று.

எதிரே இருக்கும் பிள்ளையை ஏமாற்றுதல் அரிது. உபதேசம் தொடங்கினால் அதற்கு நித்திரை வரும். பொய்யன்பு காட்டினால் அது முகந்திருப்பும். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால் அக்கணமே தடுத்துக் கேட்கும். ரொல்கீனின் மகன் கிறிஸ்தோபர், முன்னர் நீலமென்று சொன்ன கதவை இப்பொழுது பச்சையென்பது எவ்வாறு என்று தந்தையாரைத் தடுத்துக் கேட்டதாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். கதையின் நெறிமுறைக்கு இதனினும் கண்டிப்பான காவலர் வேண்டுவதில்லை.

இது நம்மை இரண்டாவது காரணத்திற்குக் கொண்டுசெல்கின்றது. அற்புதக் கதையில் எதுவும் நிகழலாம் என்பது அதனை வாசியாதார் கருத்து. உண்மையில் நல்ல அற்புதக் கதையைப் போலச் சட்டம் இறுகிய இடம் வேறில்லை. ஈ. நெஸ்பிற் அம்மையாரின் ‘ஐந்து பிள்ளைகளும் அதுவும்’ என்னும் கதை 1902 ஆம் ஆண்டிலே வந்தது. அதில், மணற்குழியிற் பிள்ளைகள் கண்டெடுத்த விந்தைப் பிராணி நாள்தோறும் வரம் கொடுக்கும். சூரியன் மறைந்ததும் வரத்தின் பயன் முழுவதும் மறைந்துவிடும். பிள்ளைகள் பொற்காசு வேண்டுகின்றனர். குழி நிறையக் காசு வருகின்றது. அப்பழங்காசை எந்தக் கடைக்காரரும் ஏற்றுக்கொள்வதில்லை. அழகு வேண்டுகின்றனர், வீட்டார் அடையாளம் காணாது வெளியே நிறுத்துகின்றனர். சிறகு வேண்டிக் கோபுரத்தின் உச்சியில் அமர்ந்து உறங்கிவிட, சூரியன் மறைகின்றது, இறங்க வழியில்லை. ஓர் அற்புதத்தை மட்டும் உலகினுள் இட்டு, பின் விளைவுகள் யாவற்றையும் தவறாது கணக்கிடுவது இக்கதையின் முறை. கணித ஆசிரியர் டொட்சனின் இரண்டாவது அலிஸ் கதை, 1871 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது, முழுவதும் ஒரு சதுரங்க ஆட்டமாக அமைந்திருப்பதும் இதனோடு ஒப்பிடத் தக்கது. அதில் அலிஸ் காலாளாகத் தொடங்கி, கட்டங்களைக் கடந்து, எட்டாவது கட்டத்தில் அரசியாகின்றாள்.

பெரியோரின் உலகிலே பிள்ளைகள் காணும் சட்டங்கள் பெரும்பாலும் காரணம் சொல்லப்படாதவை. இன்று சிரிக்கப்பட்ட குறும்பு நாளை அடிக்குக் காரணமாகும். அதற்கு மாறாக, அற்புதக் கதையின் சட்டம் முன்கூட்டியே சொல்லப்படுகின்றது. அரசனாயினும் சூனியக்காரியாயினும் அதற்குக் கட்டுப்படுகின்றனர். பிள்ளை அங்கே நீதியைக் காண்கின்றது. லூயிசின் கதையில், அலுமாரியுட் சென்று வந்ததாகக் கூறும் லூசியைத் தமையன்மாரும் தமக்கையும் நம்பவில்லை. அவ்வீட்டுப் பேராசிரியரோ, அவள் பொய்சொல்லும் இயல்பினளா, பைத்தியம் பிடித்தவளா என இரண்டையும் ஆராய்ந்து, இரண்டுமன்றெனின் அவள் கூற்று உண்மையெனக் கொள்வதே தருக்கமுறை என்கின்றார். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையின் சொல்லை வழக்காக எடுத்து விசாரிக்கின்றார். அவ்விடத்தை வாசித்தபொழுது யாம் அடைந்த மகிழ்ச்சி சிங்கத்தின் வீரத்தாலும் உண்டாகவில்லை.

மூன்றாவது காரணம் இவையிரண்டினும் ஆழமானது. இக்கதைகள் துன்பத்தை மறைப்பதில்லை. அவற்றை எழுதினோர் வரலாற்றை நோக்கின், அவ்வாறு மறைக்க இயலாதார் அவர் என்பது புலனாகும்.

‘பீற்றர் பான்’ என்னும் நாடகத்தை எழுதிய ஜே. எம். பாரி, ஸ்கொட்லாந்திற் பிறந்தவர். அவருக்கு ஆறு வயதாயிருந்தபொழுது, 1867 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதினனாகிய தமையன் டேவிட் பனிச்சறுக்கலின்போது நேர்ந்த விபத்தில் இறந்தான். தாயார் படுக்கையில் வீழ்ந்தார். இறந்த மகன் இனி என்றும் சிறுவனாகவே இருப்பான் என்னும் எண்ணம் ஒன்றே அவருக்கு ஆறுதலாயிருந்தது. முப்பத்தேழு ஆண்டுகளின் பின், 1904 ஆம் ஆண்டு டிசெம்பர் 27 ஆந் திகதி, இலண்டன் நாடக அரங்கொன்றில், வளரவே மறுத்த சிறுவன் ஒருவன் சாளரத்தின் வழியே பறந்து வந்தான். மகிழ்ச்சியோடு கைதட்டிய பிள்ளைகளுக்கு அவன் எங்கிருந்து வந்தான் என்பது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஆயினும் அம்மகிழ்ச்சியின் அடியிலே உள்ள பாரத்தை அவர்களும் ஒருவாறு உணர்ந்தே இருப்பர்.

லூயிசின் தாயார் 1908 ஆம் ஆண்டிற் புற்றுநோயால் இறந்தபொழுது அவருக்கு வயது ஒன்பது. தாயாரைக் காக்குமாறு அவர் செய்த பிரார்த்தனை பலிக்கவில்லை. 1955 ஆம் ஆண்டில், நார்னியா வரிசையில் ஆறாவதாக வெளிவந்த ‘மந்திரவாதியின் மருகன்’ என்னும் நூலில், மரணப் படுக்கையிலுள்ள தாய்க்கு ஒரு கனியைக் கொண்டுவந்து உண்பிக்கும் சிறுவன் வருகின்றான். தாய் பிழைக்கின்றாள். ஆனாற் பிழைக்குமுன், அச்சிறுவன் அக்கனியைத் திருடும் வாய்ப்பைப் பெறுகின்றான். தாயின் உயிருக்காகவும் வாக்குத் தவறேன் என்று மறுக்கின்றான். ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர், ஒன்பது வயதில் இழந்ததனைக் கதையில் மீட்டுக்கொண்டார். எனினும் எளிய வழியில் மீட்டாரல்லர்.

கிரகாமும் ஐந்து வயதிலே தாயை இழந்து, தேம்ஸ் நதிக்கரையிலிருந்த பாட்டியார் வீட்டில் வளர்ந்தவர். ஒக்ஸ்போட்டிற் பயில விரும்பியும், உறவினர் பணம் தர மறுத்தமையால், பாங்கில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். அவர் நூலிலே, பழைய வளையை விட்டு நதிக்கரைக்குப் புதுவாழ்வு தேடிச் சென்ற அகழெலி, மாரிகாலத்து மாலையொன்றிற் பனியிடையே நடந்து செல்கையில், திடீரெனத் தன் பழைய வீட்டின் மணத்தை உணர்கின்றது. முன்னே செல்லும் நீரெலி அதன் அழைப்பைக் கேளாது விரைகின்றது. தோழனைப் பிரிய மனமில்லாது பின்தொடர்ந்த அகழெலி, சிறிது தூரஞ் சென்றதும் நின்று விம்மி அழுகின்றது. உண்மை அறிந்த நீரெலி திரும்பி வந்து, இருளில் வழிதேடி, அவ்வளையைக் கண்டுபிடித்து, தூசிபடிந்த அச்சிறு வீட்டின் ஒவ்வொரு பொருளையும் புகழ்கின்றது. அகழெலி மறுபடியும் நதிக்கரைக்கே செல்லும். எனினும் திரும்பி வருதற்கு ஓர் இடம் உண்டு என்பதை அறிந்து அன்றிரவு உறங்குகின்றது. வீட்டை விட்டு வெளியேறியோரும் கல்லூரியை விட்டு நீங்கினோரும் இவ்வதிகாரத்தை வாசித்தல் வேண்டும். எலியின் கதையென்று எண்ணித் தொடங்கிய யாம் இடையிற் கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தது.

இனி, இக்கதைகளின் நிலைபேற்றிற்கு எல்லாவற்றினும் முதன்மையானது என்று யாம் கருதும் காரணத்தைக் கூறுவாம். இவை ஒருவர் வாழ்நாளில் இருமுறை வாசிக்கப்படும் நூல்கள்: முதன்முறை பிள்ளையாக, மறுமுறை பிள்ளைக்கு வாசித்துக்காட்டும் பெரியவராக. இரு முறையும் சொற்கள் ஒன்றே. கேட்கும் கதைகள் இரண்டு. பிள்ளை பறத்தலைக் கேட்கின்றது. பெரியவர் திறந்திருக்கும் சாளரத்தைக் கேட்கின்றார். 1911 ஆம் ஆண்டில் பாரி நூலாக எழுதிய பீற்றர் கதையின் இறுதியில், பல ஆண்டுகளின் பின் பீற்றர் மீண்டும் வருகின்றான். வெண்டி இப்பொழுது பெரியவள், ஒரு பெண்ணுக்குத் தாய், பறத்தலை மறந்தவள். இருளிலே தன் உருவை ஒடுக்கிக்கொண்டு அவன்முன் இருக்கின்றாள். விளக்கை ஏற்றியதும் பீற்றர் அழுகின்றான். பின்னர் அவள் மகள் அவனோடு பறந்து செல்கின்றாள்; தாய் சாளரத்தருகே நின்று பார்க்கின்றாள். பத்து வயதில் வாசிப்போர் மகளோடு பறந்து செல்வர். அறுபது வயதில் வாசிப்போர் சாளரத்தருகே நிற்பர்.

லூயிசும் இதனை நன்கறிந்திருந்தார். தம் முதல் நார்னியா நூலைத் தம் ஞானப் புதல்வியாகிய லூசி பாபீல்ட் என்னும் சிறுமிக்குக் காணிக்கையாக்கியபொழுது, நூல் எழுதி முடிவதற்குள் அவள் தேவதைக் கதைகளுக்குரிய வயதைக் கடந்துவிட்டாள் என்றும், ஒருநாள் மீண்டும் அவற்றை வாசித்தற்குரிய வயதை எய்துவாள் என்றும் எழுதினார். தேவதைக் கதைகளைத் துறத்தற்கு ஒரு வயது உண்டெனின், அவற்றிடம் மீளுதற்கும் ஒரு வயது உண்டு என்பது அவர் கருத்து.

இவ்விரு வயதினரையும் ஒரே முற்றத்திற் கூட்டிவைத்த நூல், பிலிப்பா பியர்ஸ் அம்மையார் எழுதி 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரொம் கண்ட நள்ளிரவுத் தோட்டம்’ என்பதாகும். தம்பிக்குச் சின்னமுத்து கண்டதால் மாமி வீட்டிற்கு அனுப்பப்பட்ட ரொம் என்னும் சிறுவன், இரவிலே கீழ்மண்டபத்து மணிக்கூடு பதின்மூன்று முறை அடிக்கக் கேட்கின்றான். பின்கதவைத் திறக்க, பகலிற் குப்பைத் தொட்டிகள் நின்ற இடத்தில் ஒரு பெருந்தோட்டம் விரிந்து கிடக்கின்றது. அங்கே ஹற்றி என்னும் சிறுமி அவனுக்குத் தோழியாகின்றாள். ரொம் இரவுக்கு இரவு செல்கின்றான்; ஆனால் ஹற்றிக்கு இடையில் மாதங்களும் ஆண்டுகளும் கழிகின்றன. அவள் வளர்கின்றாள், ஆற்றுநீர் உறைந்த மாரியொன்றில் அவனோடு ஈலி நகர்வரை சறுக்கிச் செல்கின்றாள், மெல்லமெல்ல அவன் உரு அவள் கண்ணுக்கு மங்குகின்றது. இறுதியில், ஊருக்குத் திரும்பும் நாளிலே, மேல்மாடியில் வசிக்கும் வயோதிபமான வீட்டுக்காரியே ஹற்றி என்பதனை ரொம் அறிகின்றான். அவன் கண்ட தோட்டம் அவள் நினைவிலே இருந்த தோட்டம். விடைபெற்றுப் படியிறங்கிய சிறுவன் மீண்டும் ஓடிச் சென்று, அம்மூதாட்டியைத் தன்னொத்த சிறுமியைப் போலக் கட்டியணைக்கின்றான்.

முதியோர் யாவரும் ஒருகாற் பிள்ளைகளாயிருந்தனர் என்பது எவரும் அறிந்த செய்தி. அறிந்தும் பிள்ளைகள் அதனை நம்புவதில்லை, முதியோரும் மறந்துவிடுகின்றனர். அதனை நம்பச் செய்தற்கு ஓர் அற்புதம் வேண்டியிருந்தது. பதின்மூன்று அடிக்கும் ஒரு மணிக்கூடு வேண்டியிருந்தது. அற்புதக் கதை பொய்யென்பார்க்கு யாம் கூறும் விடை இதுவே: வேறு வழியாற் சொல்ல இயலாத மெய்யைச் சொல்லுதற்கே இப்பொய் கட்டப்பட்டது.

இவை உலகினின்று தப்பியோடும் வழியென்பார் வேறு சிலர். இதற்கு விடையை ரொல்கீன் 1939 ஆம் ஆண்டிற் சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரையில் அளித்தார். சிறைப்பட்டவன் வீடு திரும்ப முயல்வதும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். 1916 ஆம் ஆண்டிற் சொம் ஆற்றுப் போர்க்களத்தில் நின்றவர் அவர். நெருங்கிய நண்பரைப் போரில் இழந்தவர். களத்தை விட்டோடுதல் யாதென்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அன்றியும், இக்கதைகளின் பிள்ளைகள் யாவரும் வீடு திரும்புகின்றனர் என்பதைக் காண்க. அலிஸ் விழிக்கின்றாள், வெண்டி சாளரத்தின் வழியே மீள்கின்றாள், நார்னியாவில் ஆண்டுகள் பல அரசாண்டோர், சென்ற கணத்திலேயே சிறுவராக அலுமாரியின் வெளியே வந்து விழுகின்றனர். திரும்பி வந்தோர் முன்னிருந்தவரல்லர்.

இந்நூல்களிற் குற்றமே இல்லை என்று யாம் கூறவில்லை. அமெரிக்கப் பழங்குடியினரைப் பாரி காட்டிய முறையும், நார்னியாவின் தென்றிசை நாட்டாரை லூயிஸ் காட்டிய முறையும், அக்காலத்து ஆங்கிலேயர் பிறரை நோக்கிய சிறுமையைக் காட்டுவன. பிள்ளைகளுக்கு வாசிக்கும் பெரியோர் அவ்விடங்களிற் சிறிது நின்று விளக்குதல் வேண்டும். லூயிசின் சிங்கம் கிறிஸ்துநாதரைக் குறிப்பது. சைவச் சூழலில் வளர்ந்த யாம் வாலிபப் பருவத்திலேதான் அதனை அறிந்தோம். அறிந்தபின்னும் எமக்குக் கதையின் சுவை குறையவில்லை. எம் சமயத்திற்கும் ஊறு நேரவில்லை.

ஒரு நூலின் ஆயுளை விற்பனைக் கணக்காலும் அளக்கலாம். அலிஸ் கதை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது. பாரி 1929 ஆம் ஆண்டிலே பீற்றர் பானின் உரிமையை இலண்டன் சிறுவர் வைத்தியசாலையொன்றிற்கு அளித்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்தபின்னும் அவ்வருவாய் தொடர்ந்து கிடைக்குமாறு 1988 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. வளர மறுத்த சிறுவன் இன்றும் நோயுற்ற பிள்ளைகளுக்கு உதவுகின்றான். எனினும், இக்கணக்குகள் நிலைபேற்றின் விளைவேயன்றி அதன் காரணம் ஆகா. காரணம், நித்திரைக்கு முன் விளக்கருகே இருவர் அமர்ந்திருக்கும் அரைமணி நேரத்திலேயே உளது.

எம் கடனைக் கூறித் தொடங்கினோம். அதனைக் கூறியே முடிப்பாம். அன்று பேரன் நூலை எடுத்துவந்து, அப்பப்பாவும் சிறுவயதில் இதனை வாசித்ததுண்டோ என்று கேட்டான். உண்டென்றோம். அவன் நம்பவில்லை. விளக்குக் கம்பம் காட்டின் நடுவே நின்றதையும், குடைபிடித்து வந்த ஆட்டுக்கால் மனிதனையும் யாம் கூறியபின்னரே நம்பினான். கண் மங்கிய எமக்கு அவனே வாசித்துக் காட்டினான். லூசி உடுப்புகளை விலக்கிக்கொண்டு சென்ற இடம் வந்தபொழுது நிமிர்ந்து பார்த்தோம். அவன் தந்தை கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அக்கதையின் எந்தப் பக்கத்தில் நூல் தன் கையினின்று பறிக்கப்பட்டது என்பதை அவன் மறந்திருக்கமாட்டான். அந்த அலுமாரியைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு கதிரையை இழுத்து அருகே போடுமாறு கூறினோம், அவனும் வந்தமர்ந்தான்.

பழைய மாணவராகிய நண்பர்களே, பரீட்சைகள் வேண்டியனவே. நம் கல்லூரி அவற்றாலும் பெயர் பெற்றது. ஆயினும் உங்கள் வீட்டு அலுமாரிகளுள் அவ்வாறு பூட்டப்பட்ட நூல் ஏதேனும் இருப்பின், காலம் தாழ்த்தாது அதனை எடுத்துப் பிள்ளைகள் கையிற் கொடுங்கள். அவர்கள் வாசிக்கும்பொழுது நீங்களும் அருகே இருங்கள்.